குண்டு இழந்த முக்கால் விநாடி

1874 செப்டம்பர் 26. நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்டில் கிரீட்மோர் என்ற புதிய சுடுதிடல். ஆறு பேர் கொண்ட அயர்லாந்து அணி தன் முறையை முடித்துவிட்டது. 931 புள்ளிகள். அமெரிக்க அணி 930-இல் நிற்கிறது, கையில் ஒரே ஒரு குண்டு பாக்கி. அதைச் சுட வேண்டியவர் கர்னல் ஜான் போடைன். சற்று முன்புதான் இஞ்சிபீர் பாட்டில் ஒன்று கையிலேயே வெடித்து அவர் கையைக் கிழித்திருந்தது. காயத்தின் மேல் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு தரையில் படுத்துச் சுட்டார்.

இலக்கு 1,000 கஜத்துக்கு அப்பால், அதாவது 914 மீட்டரில். ஈயக் குண்டு அங்கே போய்ச் சேர ஏறக்குறைய 3 விநாடி ஆகும். அது இரும்புத் தகட்டில் மோதும் ஓசை திரும்பி வர இன்னும் 2.7 விநாடி. வெடிச்சத்தம் அடங்கி, வெள்ளைப் புகை எழுந்து, ஆயிரக்கணக்கான பார்வையாளர்கள் வாயைத் திறக்காமல் நின்றது ஏறக்குறைய ஆறு விநாடி. பிறகு ஓசை கேட்டது. நடுக்கட்டம், நான்கு புள்ளிகள். அமெரிக்கா 934, அயர்லாந்து 931.

இந்தப் போட்டியைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் ரத்தம் சொட்டிய கையைப் பற்றி எழுதுவார்கள். நமக்கு வேண்டியது அந்த நடுக்கட்டத்தின் அளவு. 3 அடிக்கு 3 அடி சதுரம். மையத்திலிருந்து ஓரம் வரை இடமும் வலமும் ஒன்றரை அடிதான். அந்தக் காலத்துக் கரிமருந்துத் துப்பாக்கியின் குண்டை, 1,000 கஜத்தில், மணிக்கு 1 மைல் வேகமுள்ள பக்கக்காற்று சுமார் 1 அடி விலக்கிவிடும். காற்றின் வேகத்தை ஒன்றரை மைல் தப்பாகக் கணித்தவர் நடுக்கட்டத்தை இழந்துவிட்டார் என்று பொருள். காற்றின் பலத்தை வகைப்படுத்தும் பியூஃபோர்ட் அளவையில், மணிக்கு 4 மைலுக்குக் கீழே வீசும் காற்றை முகம் உணர்வதே இல்லை. புகை சாய்வதைப் பார்த்துத்தான் காற்று இருப்பதே தெரியும். தோல் உணராத காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டிய விளையாட்டு இது.

நிற்க. காற்று எப்படி விலக்குகிறது?

"தள்ளுகிறது" என்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் பதில். அது சரியா என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். மணிக்கு 10 மைல் காற்று என்றால் விநாடிக்கு 14.7 அடி. குண்டு 3 விநாடி காற்றில் இருக்கிறது. சருகைப் போலக் காற்றோடு அடித்துச் செல்லப்பட்டால் அது 44 அடி ஒதுங்கியிருக்க வேண்டும். உண்மையில் ஒதுங்குவது 10 அடிக்குச் சற்று மேல், அவ்வளவுதான். மிச்சம் 34 அடி எங்கே போயிற்று?

இதற்கு ஒரு பலூனில் ஏறிக்கொண்டு யோசிப்பது நல்லது. பலூன் காற்றோடு காற்றாக நகர்கிறது. அதில் இருப்பவருக்குக் காற்றே தெரியாது, தரைதான் நகர்வதுபோல் தோன்றும். காற்று இடமிருந்து வலமாக வீசுவதாக வைத்துக்கொள்வோம். துப்பாக்கியிலிருந்து நேராகப் புறப்பட்ட குண்டு, பலூனில் இருப்பவர் கண்ணுக்கு நேராகப் போகாது. முன்னோக்கி விநாடிக்கு 1,300 அடியும், இடப்பக்கம் விநாடிக்கு 14.7 அடியுமாகச் சற்றே சாய்ந்த கோட்டில் போகும். அந்தக் கோட்டில் அதற்குப் பக்கக்காற்று கிடையாது, எதிர்க்காற்று மட்டுமே உண்டு. சுழன்று கொண்டிருக்கும் குண்டு குழலைவிட்டு வெளியே வந்தவுடன் தன் மூக்கை அந்த எதிர்க்காற்றின் பக்கம் திருப்பிக்கொள்கிறது, சாரல் வரும் திசைக்கு நாம் குடையைச் சாய்ப்பதுபோல. ஆகவே குண்டின் விலாவில் காற்று மோதித் தள்ளுவது என்பது கிட்டத்தட்ட நடக்கவே இல்லை.

காற்றுத்தடையே இல்லாத உலகமாக இருந்தால் குண்டு 3,000 அடியை 2.3 விநாடியில் கடந்திருக்கும். அதற்குள் அது பலூன்காரர் கணக்கில் இடப்பக்கம் சென்ற தூரமும், பலூன் வலப்பக்கம் நகர்ந்த தூரமும் சரிக்குச் சரியாகிவிடும். தரையில் நிற்பவருக்குக் குண்டு மயிரிழைகூட விலகியிராது. ஆனால் தடை இருக்கிறது. குண்டு வேகம் குறைந்து, 3 விநாடி எடுத்துக்கொள்கிறது. தாமதம் 0.7 விநாடி. அந்த முக்கால் விநாடிக்குச் சற்றுக் குறைச்சலான நேரத்தில் காற்று நகரும் தூரம் எவ்வளவோ, அவ்வளவுதான் விலகல். 14.7 அடியை 0.7-ஆல் பெருக்கினால் 10 அடியும் சொச்சமும் வருகிறது.

ஆக, குண்டு எவ்வளவு நேரம் பறந்தது என்பது காற்றுக்குக் கணக்கில்லை. தடையால் எவ்வளவு நேரத்தை இழந்தது என்பதுதான் கணக்கு. இந்தச் சூத்திரத்தை 19-ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சுப் பீரங்கிப்படை அதிகாரி இசிதோர் திதியோன் பெயரால் சொல்வார்கள். நீண்ட தூரத் துப்பாக்கிச் சுடுதலைப் பற்றி ஒரே ஒரு வரியைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளலாம். மற்றவை பெரும்பாலும் இதிலிருந்தே பிறக்கின்றன.

உதாரணமாக, வேகம். இன்றைய 7.62 மில்லிமீட்டர் போட்டித் துப்பாக்கியின் குண்டு விநாடிக்கு 2,600 அடி வேகத்தில் கிளம்புகிறது, கரிமருந்துக் குண்டின் வேகத்துக்கு இரட்டிப்பு. பறக்கும் நேரமும் ஏறக்குறையப் பாதிதான். அப்படியானால் விலகலும் பாதியாக வேண்டாமா? ஆவதில்லை. அதே 1,000 கஜத்தில், அதே 10 மைல் காற்றில், அது சுமார் 8 அடி விலகுகிறது. நூற்றைம்பது ஆண்டு முன்னேற்றம் இரண்டு அடியில் அடங்கிவிட்டதே என்று கிண்டல் செய்யத் தோன்றும். கிண்டல் முழு நியாயமல்ல, புதிய குண்டின் பாதை மிகத் தட்டையானது, தூரத்தைக் கொஞ்சம் தவறாக மதிப்பிட்டாலும் அது மன்னிக்கும். ஆனால் காற்றைப் பொறுத்தவரை, கிரீட்மோரில் படுத்துக் கிடந்தவர்களின் குண்டு நாம் நினைப்பதைவிட நன்றாகவே தாக்குப்பிடித்தது.

ஏன் என்பதற்கு விடை தேட, கதை திடீரென்று கடலூருக்கு வருகிறது.

பெஞ்சமின் ராபின்ஸ் இங்கிலாந்தின் பாத் நகரத்தில் 1707-இல் பிறந்த கணிதக்காரர். அவர் காலத்தில் பீரங்கிக் குண்டின் பாதை கலிலியோ சொன்ன பரவளைவு என்றே பாடப்புத்தகங்கள் சொல்லிக்கொண்டிருந்தன. காற்றின் தடை சொற்பம், ஒதுக்கிவிடலாம் என்பது பொது நம்பிக்கை. ராபின்ஸ் ஓர் ஊசலைச் செய்தார். ஊசலின் முனையில் கனத்த மரப்பலகை. அதில் குண்டைச் சுட்டால் பலகை பின்னால் ஆடும். எவ்வளவு தூரம் ஆடியது என்பதைப் பலகையில் கட்டிய நாடா இழுபட்ட நீளம் சொல்லும். அதிலிருந்து குண்டின் வேகத்தைக் கணக்கிட்டுவிடலாம். அதே ஊசலைக் கொஞ்சம் தள்ளி வைத்து மறுபடி சுட்டால், இடையில் காற்று எவ்வளவு வேகத்தைத் தின்றது என்பதும் தெரிந்துவிடும். இவ்வளவு எளிய கருவியை வைத்து அவர் கண்டது அன்றைய கணிதக்காரர்களை அசைத்தது. வேகமான குண்டின் மேல் காற்று போடும் தடை அந்தக் குண்டின் எடையைவிடப் பல மடங்கு அதிகம். அதைவிட விசித்திரமாக, குண்டின் வேகம் ஒலியின் வேகத்தைத் தாண்டும் இடத்தில் தடை திடீரென்று எகிறுகிறது. 1742-இல் வெளிவந்த அவருடைய நூலை மூன்றே ஆண்டுகளில் மாபெரும் கணிதமேதை ஆய்லர் தன் விளக்கங்களோடு ஜெர்மனில் மொழிபெயர்த்தார்.

கிழக்கிந்தியக் கம்பெனி தன் கோட்டைகளைப் பலப்படுத்த ராபின்ஸைத் தலைமைப் பொறியாளராக அனுப்பியது. 1750-இல் சோழமண்டலக் கரைக்கு வந்து சேர்ந்தார். அப்போது இந்தக் கரையில் கம்பெனியின் தலைமையிடம் சென்னையல்ல, கடலூருக்குப் பக்கத்தில் தேவனாம்பட்டினத்துச் செயின்ட் டேவிட் கோட்டை. வந்த மறுவருடமே, 1751 ஜூலையில், காய்ச்சல் கண்டு அங்கேயே இறந்தார். ஒலிவேகத்தின் அருகில் காற்று காட்டும் முரட்டுத்தனத்தை முதன்முதலில் அளந்த மனிதர் முடிந்துபோனது நம் கடற்கரையில்.

அவர் கண்ட அந்த எகிறல்தான் கரிமருந்துத் துப்பாக்கியின் தலையெழுத்து. ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 1,120 அடி. கரிமருந்துக் குண்டு 1,300 அடியில் கிளம்புகிறது. அதாவது ஒலிவேகத்துக்குச் சற்று மேலே, தடை மிக மோசமாக இருக்கும் வட்டாரத்திலேயே பிறக்கிறது. முதல் 300 கஜத்துக்குள் மளமளவென்று வேகத்தைக் கொட்டி ஒலிவேகத்துக்குக் கீழே இறங்கிவிடுகிறது. அதன்பின் தடை வெகுவாகத் தணிந்து, மீதி 700 கஜத்தையும் நிதானமாக, அதிகம் இழக்காமல் கடக்கிறது. நேர இழப்பின் பெரும்பங்கு அந்தத் தொடக்க ஓட்டத்தின் விளைவு. பின்பகுதியில் இழப்பு சிறிது. அதனால்தான் பாதி வேகத்தில் போகும் கிழட்டுக் குண்டு புதிய குண்டோடு இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஓரளவு போட்டி போடுகிறது.

அப்படியென்றால் மருந்தைக் கூட்டிப் போட்டால்? புதிதாக வருகிறவர்களுக்கு வரும் முதல் ஆசை இதுதான். 1,300 அடியை 1,400 ஆக்கினால் குண்டு சீக்கிரம் போய்ச் சேரும், உண்மை. ஆனால் அந்தக் கூடுதல் 100 அடி வேகம், தடை கொழுத்துக் கிடக்கும் இடத்திலேயே செலவாகிவிடும். தாமதம் குறைவதற்குப் பதில் சிறிது கூடவே செய்யும். தோள் வலித்ததுதான் மிச்சம். இதே வேடிக்கையைச் சிறிய .22 துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அன்றாடம் பார்க்கிறார்கள். ஒலிவேகத்துக்குச் சற்றுக் கீழே போகும் சாதாரணத் தோட்டாவைவிட, மேலே போகும் அதிவேகத் தோட்டா 100 கஜத்தில், 10 மைல் காற்றில், ஓர் அங்குலத்துக்கும் மேல் கூடுதலாக விலகும். விலை கூடிய பெட்டியில் "அதிவேகம்" என்று பெரிய எழுத்தில் போட்டு விற்பது காற்று நாளில் ஒரு குறை.

இன்னும் ஒரு படி போய், ஒலிவேகத்துக்குக் கீழேயே சுட்டால் என்ன என்று கேட்கலாம். காற்றுக்கு மட்டும் பதில் சொன்னால், ஆம், விலகல் குறையும். ஆனால் குண்டை 1,000 கஜம் சேர்ப்பதற்கு இன்னும் உயரமாக வீச வேண்டியிருக்கும். மருந்தின் எரிப்பில் வரும் சிறு ஏற்றத்தாழ்வுகூட மேலும் கீழுமாக அடிக்கணக்கில் தெரியும். ஒரு பக்கம் மிச்சப்படுத்தியது மறுபக்கம் செலவாகிவிடும். 1,300 என்ற எண்ணை யாரும் சூத்திரம் போட்டுக் கண்டுபிடிக்கவில்லை. பத்துப் பவுண்டுத் துப்பாக்கியை ஒரு மனிதத் தோள் தாங்கும் அளவுக்கும் இலக்கின் உயரத்துக்கும் இடையே சுட்டுச் சுட்டுப் படிந்த சமரசம் அது.

வேகம் கைகொடுக்காதபோது பாக்கியிருப்பது குண்டின் வடிவம். இங்கேதான் 19-ஆம் நூற்றாண்டு உண்மையில் சாதித்தது. பிரிட்டிஷ் படை 1853 முதல் பயன்படுத்திய என்ஃபீல்டு துப்பாக்கியின் குழல் விட்டம் .577 அங்குலம், குண்டின் எடை 530 கிரெய்ன், ஏறக்குறைய 34 கிராம். மான்செஸ்டரின் இயந்திரப் பொறியாளர் ஜோசப் விட்வொர்த் அதே எடை ஈயத்தை வைத்துக்கொண்டு குழலின் விட்டத்தை .451 ஆகக் குறைத்தார். எடை மாறாமல் விட்டம் குறைந்தால் குண்டு நீண்டுதானே ஆக வேண்டும்? காற்றை எதிர்கொள்ளும் முகப்பரப்பு மட்டும் நூற்றுக்கு நாற்பது அளவுக்குச் சுருங்கியது. தடை குறைந்தது, இழக்கும் நேரம் குறைந்தது, காற்றின் பிடி தளர்ந்தது. நீண்ட குண்டு தலைகுப்புறக் கவிழாமல் இருக்க வேகமாகச் சுழல வேண்டும். அதற்காக, என்ஃபீல்டில் 78 அங்குலத்துக்கு ஒரு சுற்றாக இருந்த புரியை அவர் 20 அங்குலத்துக்கு ஒன்றாக முறுக்கினார்.

1860 ஜூலை 2-ஆம் தேதி விம்பிள்டனில் இங்கிலாந்தின் தேசியப் போட்டிகளை விக்டோரியா ராணி திறந்து வைத்தது இந்த விட்வொர்த் துப்பாக்கியால்தான். தாங்கியில் பொருத்திக் குறிபார்த்து வைத்திருந்ததை ராணி ஒரு கயிற்றை இழுத்துச் சுட்டார். 400 கஜத்தில் மையத்துக்கு ஒன்றேகால் அங்குலத்துக்குள் பட்டது. ராணிக்காகக் காற்றைப் படித்து வைத்தவர்கள் யார் என்று யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

கிரீட்மோரில் அயர்லாந்துக்காரர்கள் வாய்வழி நிரப்பும் ரிக்பி துப்பாக்கியையும், அமெரிக்கர்கள் பின்வழி நிரப்பும் ரெமிங்டன், ஷார்ப்ஸ் துப்பாக்கிகளையும் வைத்திருந்தாலும், எல்லாம் இந்த நீண்ட, கனத்த குண்டின் வாரிசுகளே. ஒரு சிக்கல் மட்டும் தீரவில்லை. ஈயம் மெத்தென்றது. இருபது பங்கு ஈயத்துக்கு ஒரு பங்கு வெள்ளீயம் சேர்த்தாலும், மருந்து வெடிக்கும் கணத்தில் பின்புறம் முன்னோக்கிப் பாய, கூரிய மூக்கு தளர்ந்து குண்டுக்குள்ளேயே அமுங்கிவிடும். அச்சில் வார்க்கும்போது ஊசியாக இருந்தது குழலைவிட்டு வரும்போது மொண்ணையாகியிருக்கும். மிகக் கூரான மூக்கு வைத்த குண்டு காகிதத்தில் காட்டும் லாபத்தைத் திடலில் காட்டாது. இன்றும் இத்துறையில் ஊறியவர்கள் சற்று மழுங்கிய மூக்கையே நம்புகிறார்கள்.

இதுவரை காற்றை ஒரே சீரானது என்று வைத்துப் பேசினோம். அப்படிப்பட்ட காற்று பாடப்புத்தகத்தில் மட்டும்தான் வீசும்.

ஆயிரம் கஜத் திடலில் கொடிக்கம்பங்கள் வரிசையாக நிற்கும். முதல் கொடி இடப்பக்கம் துடிக்கும், நடுக்கொடி தொங்கிக் கிடக்கும், இலக்குக்குப் பக்கத்துக் கொடி வலப்பக்கம் ஆடும். எதை நம்புவது? புதியவர்கள் இலக்கின் அருகே உள்ள கொடியைத்தான் பார்ப்பார்கள். குண்டு படப்போவது அங்கேதானே, களைத்துப்போய் மெதுவாக வரும் குண்டை அங்கே காற்று சுலபமாக அசைக்கும் என்பது அவர்கள் நினைப்பு. நடப்பது வேறு. தொடக்கத்தில் காற்று குண்டின் திசையை ஒரு நூல் மாற்றினாலும், அந்தக் கோணம் மீதி முழுத் தூரத்துக்கும் கூடவே போய்ப் பெரிதாகிறது. கடைசி நூறு கஜத்தில் நேரும் அதே திருப்பத்துக்குப் பெரிதாக இடமே இல்லை. போதாக்குறைக்கு, கரிமருந்துக் குண்டு தன் வேகத்தை மிக அதிகமாகக் கொட்டுவதும் முதல் 300 கஜத்தில்தான். இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால், மொத்த விலகலில் பாதிக்கும் மேல் அந்த முதல் 300 கஜக் காற்றின் கைவேலை. சுடுபவருடைய சொந்தக் காதோரம் வீசும் காற்றை அவர் அலட்சியம் செய்துவிட்டுத் தொலைநோக்கியில் அரை மைலுக்கு அப்பால் தேடுவது பரிதாபம்தான்.

இதில் கரிமருந்துக்கு ஒரு தனிச் சலுகை உண்டு. எரிந்த மருந்தில் பாதிக்கு மேல் வாயுவாகாமல் திடப்பொருளாகவே எஞ்சும். அதன் ஒரு பகுதி குழலில் கரியாகப் படிய, இன்னொரு பகுதி அடர்ந்த வெண்புகையாகக் குழல் வாயில் நிற்கும். இலக்கை மறைக்கும் தொல்லை அது. ஆனால் மிக முக்கியமான இடத்துக் காற்று எந்தப் பக்கம், எவ்வளவு விரைவில் நகர்கிறது என்பதை அதைப்போலப் பளிச்சென்று காட்டும் கொடி வேறில்லை. புகையற்ற மருந்துக்காரர்களுக்கு இது கிடைக்காது. ஒரே குறை, குண்டு போன பிறகுதான் அது தகவல் சொல்லும். அடுத்த குண்டுக்கு உதவும்.

உயரத்தின் கதை இதற்குச் சற்று முரணானது. 3 விநாடி விழுந்துகொண்டே போகும் குண்டை இலக்கில் சேர்க்கக் குழலைக் கணிசமாக ஏந்தலாகப் பிடிக்க வேண்டும். நடுவழியில் குண்டு பார்வைக்கோட்டுக்கு மேலே சுமார் 35 அடியில், மூன்று மாடி உயரத்தில் பறக்கும். தரையை ஒட்டிய காற்று புல்லிலும் மேட்டிலும் உராய்ந்து தளர்ந்திருக்கும். மூன்று மாடி உயரத்தில் அது கால்பங்கோ அதற்குச் சற்று மேலோ வலுவாக இருப்பது சகஜம். ஆள் உயரக் கொடியும், தரையில் ஓடும் கானலும் சொல்வது குண்டு சந்திக்காத காற்றைப் பற்றி. ஆகவே நல்ல திடல்களில் கொடிக்கம்பங்கள் உயரமாக நடப்படுகின்றன. கொடி ஓரிடம், கானல் ஓரிடம், புகை ஓரிடம், குண்டு மட்டும் எல்லா இடமும் போய் வருகிறது.

கானலைப் பற்றி இரண்டு வார்த்தை. வெயில் நாளில் தொலைநோக்கியை இலக்குக்கு முன்னால், பாதி வழியில் குவியும்படி திருப்பினால், சூடான காற்று வாய்க்கால் தண்ணீர்போல ஓடுவது தெரியும். இடமிருந்து வலமாக ஓடினால் காற்று அப்படி. காற்று வலுக்க வலுக்க அந்த ஓட்டம் தட்டையாகி, ஒரு கட்டத்துக்கு மேல் வேகத்தைப் படிக்க முடியாமல் போகும். திடீரென்று ஓட்டம் நின்று, உலைநீர்போல நேர்மேலே கொதித்தால் காற்று நின்றுவிட்டது என்று எண்ணக் கூடாது. பெரும்பாலும் அது நேர் எதிரிலிருந்தோ முதுகுக்குப் பின்னிருந்தோ வீசத் தொடங்கியிருக்கும்.

சுடுபவர்களுக்குக் கிலி தருவது அந்த நேர்க்காற்றுதான். 10 மைல் எதிர்க்காற்று குண்டை ஓரிரு அடி தாழ்த்தும், அதனால் பெரிய மோசமில்லை. மோசம் அது ஆடுவது. முழுப் பக்கக்காற்று பத்துப் பாகை திசை மாறினாலும் விலகலில் பெரிய மாற்றம் இராது, நூற்றுக்கு இரண்டு குறையும். நேர் எதிர்க்காற்று இடப்பக்கம் பத்துப் பாகை சாய்ந்தால், ஒன்றுமில்லாத இடத்தில் முழு விலகலின் ஆறில் ஒரு பங்கு முளைத்துவிடும். வலப்பக்கம் சாய்ந்தால் அதே அளவு மறுபுறம். 10 மைல் காற்றுக்கு இது இடமும் வலமுமாக ஏறக்குறைய இரண்டிரண்டு அடி, நடுக்கட்டம் கைவிட்டுப் போகப் போதும். மீன்வால்போல இப்படி ஆடும் காற்றில் சுடுவதைவிட, ஒரே பக்கமாக ஓங்கி அடிக்கும் காற்றில் சுடுவதையே அனுபவசாலிகள் விரும்புவார்கள்.

விலகலைக் கணித்தாயிற்று, அதை எப்படித் திருத்துவது? குழலின் முனையில் உள்ள முன்குறியைத் திருகி இடவலமாக நகர்த்தலாம். அதில் நுட்பமான அளவுகோடுகள் உண்டு. கோண அளவு மினிட்டில், அதாவது ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கில். 1,000 கஜத்தில் ஒரு மினிட் பத்தரை அங்குலம். மைலுக்கு ஒரு மினிட்டும் கொஞ்சமும் என்று மனக்கணக்காகவே போட்டுவிடலாம். அந்த முன்குறியின் அடியில் சிறு குழாயில் ஒரு நீர்க்குமிழி இருக்கும், கொத்தனாரின் ரசமட்டத்தில் இருப்பதன் குட்டி. அது அலங்காரமில்லை. துப்பாக்கி ஒரே ஒரு பாகை பக்கவாட்டில் சாய்ந்தால் குண்டு 1,000 கஜத்தில் இரண்டடிக்கு மேல் ஒதுங்கும். காற்றின் மேல் போட்ட பழிகளில் எத்தனையோ உண்மையில் அந்தக் குமிழியைப் பார்க்க மறந்ததன் விளைவு.

சுழற்சியும் தன் பங்குக்கு வேலை காட்டும். வலஞ்சுழிக் குண்டு காற்றே இல்லாவிட்டாலும் வலப்பக்கம் ஒதுங்கும், 1,000 கஜத்தில் இரண்டடி அளவுக்கு. அது மாறாதது, ஒருமுறை திருத்திவிட்டால் போதும். இன்னொன்று நுணுக்கமானது. பக்கக்காற்றை நோக்கி மூக்கைத் திருப்பும் அந்த முதல் கணத்தில், சுழலும் குண்டு ஒரு பம்பரத்தின் பிடிவாதத்தோடு கொஞ்சம் மேலோ கீழோ எகிறும். இடமிருந்து வீசும் காற்றில் குண்டு வலமும் சற்றுத் தாழ்வுமாகப் படும், வலமிருந்து வீசினால் இடமும் சற்று உயர்வுமாக. இலக்கில் விழுந்த குறிகள் படுக்கைக் கோடாக இல்லாமல் சாய்வாக அமைவது இதனால். பாதிப்பு சிறிதென்றாலும், தெரியாதவர் மருந்தின் மேல் சந்தேகப்பட்டு நாள்முழுவதும் எடையைச் சரிபார்த்துக் கொண்டிருப்பார்.

இவ்வளவையும் ஒரே ஆள் பார்ப்பது கடினம். அமெரிக்காவில் 1985-இல் தொடங்கிய கரிமருந்துத் தோட்டா உருவப்பலகைப் போட்டிகளில், சுடுபவரின் பக்கத்தில் தொலைநோக்கியோடு ஒரு துணைவரும் அனுமதிக்கப்படுகிறார். 500 மீட்டரில் இரும்பில் வெட்டிய செம்மறிக்கடா. துணைவர் கானலைப் பார்த்தபடி "இரு, இரு" என்று நிறுத்தி வைப்பார். சுடுபவரோ காத்திருக்க முடியாத அவசரத்தில் இருப்பார், ஏனெனில் குழலுக்குள் படிந்த கரி காய்ந்து இறுகிக்கொண்டிருக்கிறது. சிலர் பின்புறத்தில் ஒரு குழாயைச் செருகி ஈரமூச்சை ஊதி அதை நனைத்து வைப்பார்கள். காற்று ஒத்துவரும்வரை பொறுத்தால் கரி கெடுக்கும், கரிக்குப் பயந்து சுட்டால் காற்று கெடுக்கும். காற்றைப் படிக்கத் தெரிந்தவர்கள் அநேகம். இந்த இரண்டுக்கும் நடுவில் எப்போது விசையை இழுப்பது என்று தெரிந்தவர்கள்தான் கோப்பையோடு போகிறார்கள். அந்தக் கவனம் முழுவதும் காற்றின் மேல் இருக்கும்போது மற்றது நழுவும். 1874 போட்டியில், 900 கஜத்தில், அயர்லாந்தின் மில்னர் அருமையாக நடுக்கட்டத்தில் அடித்தார், பக்கத்து ஆளின் இலக்கில். அதற்குப் புள்ளி கிடையாது. அந்த நான்கு சேர்ந்திருந்தால் அயர்லாந்து 935.

அதே ஆண்டு ஜூனில், டெக்சாஸ் சமவெளியில் அடோபி வால்ஸ் என்ற இடத்தில் நடந்த ஒரு சுடலும் இதோடு சேர்த்துப் பேசப்படுவது வழக்கம். காட்டெருமைகளைக் கூட்டம் கூட்டமாக அழித்துக்கொண்டிருந்த வேட்டைக்காரர்களின் முகாமைக் கொமாஞ்சி, செயேன், கயோவா மக்கள் தாக்கினார்கள். மூன்றாம் நாள், தூரத்துக் குன்றின் மேல் தெரிந்த குதிரைவீரர்களை நோக்கிப் பில்லி டிக்சன் என்ற வேட்டைக்காரர் இரவல் ஷார்ப்ஸ் துப்பாக்கியால் சுட்டார், ஒருவர் விழுந்தார். 1,538 கஜம் என்று பின்னர் அளந்ததாகச் சொல்லப்படும் அந்தத் தூரத்தைப் பற்றிய வாதம் இன்னும் ஓயவில்லை. இந்த அத்தியாயத்தின் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். அவ்வளவு தூரத்தில் குண்டு இழக்கும் நேரம் 0.7 விநாடியிலிருந்து ஏறக்குறைய இரட்டிப்பாகி 1.4-ஐத் தொடுகிறது. மணிக்கு ஒரு மைல் காற்றுக்கு விலகல் 2 அடி. திறந்த சமவெளி, கொடியில்லை, அளவுகோடிட்ட முன்குறியில்லை. மனித உடலின் அகலத்தில் பாதி ஓர் அடிகூட இல்லை. காற்றை அரை மைல் வேகத்துக்குள் துல்லியமாக மதிப்பிட்டிருந்தால்தான் அது குறிபார்த்த அடி. டிக்சனே பின்னாளில் அதைக் குருட்டு அதிர்ஷ்டம் என்றுதான் சொன்னார். கணக்கும் அவர் பக்கம் இருக்கிறது.